ஆறு ஓடுகிறது, மெட்டு ஏறுகிறது

1928 ஜனவரியில் நியூயார்க்கில் பால் வைட்மேனின் இசைக்குழு ஒரு புதுப் பாட்டை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தது. பாடியவர் பிங் கிராஸ்பி. அப்போது அவருக்கு 24 வயது. ஃபாக்ஸ்டிராட் நடனத்துக்குத் தோதான துள்ளல் நடை; கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடும். தட்டு நன்றாக விற்றது. இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், அதே இசைக்குழு அதே பாட்டை மறுபடியும் பதிவு செய்தது. இந்தமுறை பாடியவர் பால் ரோப்சன். காலப்பிரமாணம் இறங்கிவிட்டது. குரல் அடித்தொண்டையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு சுரத்திலும் நின்று நகர்கிறது. முதல் தட்டைக் கேட்டு ஆடியவர்கள் இரண்டாவதைக் கேட்டு ஆடியிருக்க முடியாது.

பாட்டின் பெயர் 'ஓல் மேன் ரிவர்'. 'ஷோ போட்' என்ற இசை நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் மெட்டமைத்து, இரண்டாம் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வரிகள் எழுதியது. நாடகம் 1927 டிசம்பர் 27 அன்று நியூயார்க்கின் சீக்ஃபெல்ட் அரங்கில் தொடங்கியது. இன்றுவரை இதைக் கறுப்பின மக்களின் பழைய நாட்டுப்பாடல் என்றே நினைப்பவர்கள் ஏராளம். எழுதிய இருவருமே நியூயார்க்கில் பிறந்த வெள்ளையர்கள், நகரத்து நாடகக்காரர்கள். அந்த மயக்கமே மெட்டின் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு சான்று. ஆனால் இந்தப் பாட்டில் அதைவிடச் சுவையான விஷயம் வேறொன்று உண்டு. வரிகள் ஒரு பக்கம் இழுக்கின்றன, மெட்டு இன்னொரு பக்கம் இழுக்கிறது. வரிகள் சலிப்பைச் சொல்கின்றன. மெட்டு தரையிலிருந்து தொடங்கி மேலே மேலே ஏறுகிறது. பின்னாளில் ரோப்சன் வரிகளை மாற்றிப் பாடியபோது எழுந்த சண்டையை இந்த முரணை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

கதையில் இந்தப் பாட்டு வரும் இடம் சிறியது. எட்னா ஃபெர்பர் 1926இல் வெளியிட்ட நாவல்தான் நாடகத்துக்கு மூலம். 'காட்டன் பிளாஸம்' என்ற மிதக்கும் நாடகக் கப்பல் மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறது. 1880களில் நாட்செஸ் நகரப் படித்துறையில் கப்பல் நிற்கும்போது திரை விலகுகிறது. கப்பல் தலைவர் ஆண்டியின் மகள் மக்னோலியா, படித்துறையில் பார்த்த ஒரு சூதாட்டக்கார இளைஞனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். அவன் எப்படிப்பட்டவன் என்று கப்பலில் வேலை பார்க்கும் கறுப்பினத்தவரான ஜோவிடம் கேட்கிறாள். அதை ஆற்றிடம் கேட்க வேண்டியதுதான் என்கிறான் ஜோ. அவள் போன பிறகு, மாவு மூட்டையோடு நிற்கும் அவன் தனக்குத்தானே பாடத் தொடங்குகிறான். அவனுடைய கேள்வி காதலைப் பற்றியது அல்ல. அங்கே மூட்டை சுமக்கும் எல்லோரையும் பற்றியது.

நாற்பது வருடக் கதையை ஒரு மாலைப்பொழுதுக்குள் அடக்க வேண்டிய நெருக்கடி ஹாமர்ஸ்டைனுக்கு இருந்தது. ஊர் மாறுகிறது, தலைமுறை மாறுகிறது, கல்யாணங்கள் முறிகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு கயிறு வேண்டும். நாவலில் அந்த வேலையை ஆறு செய்கிறது. நாடகத்தில் ஆற்றை ஒரு பாட்டாக்கிவிட்டால் தேவைப்படும்போதெல்லாம் திரும்பக் கொண்டுவரலாம். முதல் காட்சியை முடிக்க ஒரு பாட்டு தேவை என்று பிந்தித்தான் உணர்ந்தார்கள். முன்பே எழுதி வைத்திருந்த தொடக்கக் கோரஸின் மெட்டைப் புரட்டிப் போட்டு, நடையைத் தளர்த்திப் பார்க்கும்படி ஹாமர்ஸ்டைன் சொன்னதாகக் கூறுவார்கள்.

புரட்டிப் போட்டது என்றால் எப்படி? நாடகம் தொடங்கியதும் கப்பலைப் பெயர் சொல்லி வரவேற்கும் ஒரு கோரஸ் வருகிறது. 'காட்டன் பிளாஸம்' என்ற நான்கு அசைகளும் மேல் ஷட்ஜத்திலிருந்து தைவதம் வழியாகப் பஞ்சமத்துக்கு இறங்குகின்றன. 'ஓல் மேன் ரிவர்' என்ற நான்கு அசைகளும் அதே சுரங்களில் அமைந்தவை, வரிசை மட்டும் தலைகீழ்: ப, ப, த, ஸ. கோரஸ் வேகமாக இறங்குகிறது; ஜோவின் பாட்டு மெதுவாக ஏறுகிறது. கப்பலும் ஆறும் ஒரே சுரங்களால் ஆனவை என்பதைப் பார்வையாளர் யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. ஆனாலும் இந்தப் பாட்டு முதன்முறை வரும்போதே முன்பு கேட்டதுபோல ஒரு உணர்வு தட்டும். கொண்டாட்டமாக இறங்கியதுதான் உழைப்பாக ஏறுகிறது.

இந்தச் சுரங்களைச் சொன்னதும் கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு மோகனம் நினைவுக்கு வரலாம். தவறில்லை. பல்லவியின் மெட்டு பெரும்பாலும் ஸ, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களுக்குள்ளேயே நடக்கிறது. மத்யமமும் நிஷாதமும் ஒதுங்கியே இருக்கின்றன. கறுப்பின மக்களின் 'ஸ்பிரிச்சுவல்' என்ற பக்திப் பாடல்களில் பலவும் இந்த ஐந்து சுர அடுக்கில்தான் அமைந்தவை. கெர்ன் அந்த வாசனையைக் கொண்டுவரச் செய்த தேர்வு இது. உண்மையான நாட்டுப்பாடல் எதையும் அவர் எடுத்தாளவில்லை. ஆனால் இது மோகன ராகம் ஆகிவிடாது. கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை; அதைவிட முக்கியமாக, மெட்டுக்குக் கீழே கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகள், ஒலிக்கின்றன. கெர்ன் அடிக்கடி போவது ஷட்ஜத்திலிருந்து நான்காம் சுரத்தின் மேல் கட்டிய கார்டுக்கு. அந்தக் கார்டில் மத்யமம் உண்டு. குரல் தொடாத மத்யமத்தை வாத்தியங்கள் தொடுகின்றன. மெட்டில் உள்ள தைவதமும் ஷட்ஜமும் அந்தக் கார்டிலும் இருப்பவை என்பதால் எங்கும் இடிப்பதில்லை. தேவாலயப் பாடல்களின் முடிவில் 'ஆமென்' சொல்லும்போது கேட்கும் அசைவும் இதுவேதான். பாடுபவன் கடவுளைப் பற்றி ஒரு சொல் சொல்லாவிட்டாலும் பாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையின் கனம் இறங்கியிருப்பது இதனால்தான்.

தாளத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பாட்டின் தலைப்பை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ரிவர்' என்பதில் ஆங்கிலப் பேச்சின் அழுத்தம் 'ரி' மீது விழும். 'வர்' பலவீனமான அசை. கெர்ன் 'ரி'யைக் குட்டையாக வைத்து, 'வர்' மீது குரலை நீட்டி நிற்க விடுகிறார். பல்லவியின் ஏறத்தாழ எல்லா அடிகளும் இப்படித்தான் முடிகின்றன: அழுத்தமான அசை சட்டென்று கடந்துபோகிறது, பலவீனமான அசை நீள்கிறது. பேச்சுக்கு எதிரான இந்த நடையில் ஒரு தளர்ச்சி வந்துவிடுகிறது. பாரத்தைத் தூக்கும்போது ஒரு நொடி மூச்சைப் பிடித்து, பிறகு நீளமாக விடுகிறோமே, அந்த அளவு. அதே சமயம் நீளும் அந்தச் சுரங்கள்தான் ஏணிப் படிகள். மெட்டு அவற்றில் நின்று இளைப்பாறிக்கொண்டே மேலே போகிறது.

வரிகளும் இந்தத் தளர்ச்சிக்கு ஒத்துப்போகின்றன. பிராட்வே பாட்டு என்றால் அடிக்கு அடி பளிச்சென்று இயைபு வேண்டும் என்பது அந்தக் கால எதிர்பார்ப்பு. ஹாமர்ஸ்டைன் பல்லவியின் தொடக்கத்தில் இயைபை வேண்டுமென்றே தள்ளிப் போடுகிறார்; அதற்குப் பதிலாக ஒரே சொல்லைத் திரும்பச் சொல்கிறார், ஒரே மாதிரி முடியும் சொற்களை வைக்கிறார். பின்னாளில் தம் பாடல் தொகுப்பின் முன்னுரையில் இதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். இயைபு அடிக்கடி வந்தால் காது அதையே எதிர்பார்த்து நிற்கும், பொருள் நழுவிவிடும் என்பது அவர் வாதம். படிப்பறிவில்லாத ஒரு சிந்தனையாளன் வாயில் சாமர்த்தியமான இயைபு ஒட்டவும் ஒட்டாது. அதே முன்னுரையில், இது சகித்துக்கொள்ளும் பாட்டு, எதிர்ப்பு உள்ளே மறைந்திருக்கிறது என்ற பொருளில் அவர் சொல்லியிருப்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சண்டை வரும்போது இது உதவும்.

பல்லவியின் உருவம் அன்றைய பிராட்வே பாடல்களுக்குப் பொதுவானது. எட்டு பார் (தாள அளவு) கொண்ட ஒரு பகுதி, அதே மெட்டில் இன்னொன்று, பிறகு மெட்டு மாறும் ஒரு இடைப்பகுதி, கடைசியில் மீண்டும் முதல் மெட்டு. மொத்தம் 32 பார். நூற்றுக்கணக்கான காதல் பாட்டுகள் இந்த அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. இடைப்பகுதி அவற்றில் பெரும்பாலும் ஒரு மாறுதலுக்காக மட்டுமே வரும். இங்கே பாட்டின் வயிறே அதுதான்.

அச்சிட்ட பிரதியில் பாட்டு இ ஃபிளாட் மேஜரில் இருக்கிறது. இடைப்பகுதி ஜி மைனருக்குத் தாவுகிறது. நம் முறையில் சொன்னால், காந்தாரத்தை ஆதார ஷட்ஜமாக மாற்றிக்கொண்டது போல. கிரகபேதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மோகனத்தில் காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் கிடைப்பது இந்தோளம். கெர்ன் போவது அங்கே அல்ல. மைனர் கார்டும் அதன் துணைக் கார்டும் மாறி மாறி அடிக்க, காகலி நிஷாதமும் பிரதி மத்யமமும் வாத்தியங்களில் நுழைகின்றன. ஐந்து சுரங்களின் திறந்த வெளி சட்டென்று குறுகிவிடுகிறது. ஆற்றைப் பற்றிய பேச்சு நின்று, உடம்பைப் பற்றிய பேச்சு வருகிறது: வியர்வை, வலி, இழுக்க வேண்டிய படகு, தூக்க வேண்டிய பொதி, சிறை. நடையும் மாறுகிறது. அடிகள் குட்டையானவை, ஒவ்வொன்றும் அழுத்தமான அசையில் போய் முட்டி நிற்கிறது. பல்லவியின் தொடக்கத்தில் தள்ளிப்போட்ட இயைபு இங்கே அடுத்தடுத்த அடிகளில் சம்மட்டி போல விழுகிறது. பல்லவியில் நீண்ட பலவீன அசைகள் ஆற்றுக்கு. இங்கே வெட்டுண்ட வலிய அசைகள் கங்காணியின் அதட்டலுக்கு. ஒரே பாடகன் இரண்டையும் பாடுகிறான் என்பது இந்த இடத்தின் கொடுமை. தன்னை ஏவும் குரலையும் அவனே பாடிக் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்த மைனர் மெட்டு இடைப்பகுதியில் முதன்முறை வருவதில்லை. பல்லவிக்கு முன் வரும் முன்பாட்டில், வெள்ளை முதலாளியின் முகம் சுளிக்காதபடி தலை குனிந்தே இருக்க வேண்டிய நிலையைச் சொல்லும் இடத்தில், அதைக் கெர்ன் ஏற்கெனவே கேட்க வைத்துவிடுகிறார். ஆகவே ஆற்றின் மெட்டைக் கேட்கும் முன்பே பயத்தின் மெட்டு காதில் ஏறிவிட்டது. பல்லவியின் முதல் 16 பார் எவ்வளவு அமைதியாக ஓடினாலும் அது திரும்பி வரும் என்று காது எதிர்பார்த்தபடியே இருக்கிறது.

திரும்பி வந்து போன பிறகு கடைசி எட்டு பார். பாட்டின் தீர்ப்பு இங்கே. மெட்டு மறுபடி மந்தர பஞ்சமத்திலிருந்து புறப்படுகிறது. வரிகள் இதுவரை சொன்னதிலேயே மிகத் தாழ்ந்த மனநிலையைச் சொல்கின்றன: முயன்று முயன்று அலுப்பு, வாழ்வில் சலிப்பு, சாவில் பயம். அதற்கு நேர்மாறாக மெட்டு இதுவரை போகாத உயரத்துக்குப் போகிறது. தார ஸ்தாயியின் காந்தாரத்தைத் தொட்டு, தார ஷட்ஜத்தில் வந்து நிற்கிறது. மந்தர பஞ்சமம் முதல் தார காந்தாரம் வரை: ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஐந்து சுரமும். ஜனரஞ்சகப் பாட்டுக்கு இது மிகப் பெரிய வீச்சு. சாதாரணக் குரல்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். உச்சியை எட்ட வேண்டும் என்று கட்டையைக் குறைத்தால் முதல் சுரம் காற்றாகிவிடும்; முதல் சுரம் கேட்க வேண்டும் என்று கட்டையை ஏற்றினால் கடைசியில் தொண்டை கட்டும். ஓபராவில் பயிற்சி பெற்ற தாழ்குரல் பாடகர்கள் இதைத் தங்கள் பாட்டாகவே உரிமை கொண்டாடுவதில் வியப்பில்லை.

கடைசி வரியில் பாடுபவன் தன்னைப் பற்றிப் பேசவில்லை, ஆற்றைப் பற்றித்தான் பேசுகிறான். ஆறு எதையும் பொருட்படுத்தாமல் ஓடுகிறது என்கிறான். உச்சஸ்தாயி ஆற்றுக்கு உரியதா, அவனுக்கு உரியதா? ஆறு என்றால், மனிதன் நசுங்கிப்போனான், இயற்கை வென்றது என்று பொருள். அவன் என்றால், இவ்வளவு சலித்தவனுக்கு இந்த உயரத்தில் பாட மூச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஸ்வரக்குறிப்பு இரண்டில் எதையும் மறுக்கவில்லை. என் காதுக்கு இரண்டாவதே வலுவாகக் கேட்கிறது. முழுத் தோல்வியைச் சொல்ல விரும்பும் மெட்டமைப்பாளர் கடைசி வரியைக் கீழ் ஷட்ஜத்துக்கு இறக்கி அணைத்திருக்கலாம். கெர்னுக்கு அது தெரியாததல்ல.

பாடகர்களின் மூச்சு இந்தத் திருப்பத்தை எப்படிக் கையாள்கிறது என்று கேட்பது நல்ல பயிற்சி. ஃபிராங்க் சினாட்ரா இடைப்பகுதியின் கடைசிச் சொல்லை முடித்துவிட்டு மூச்செடுக்க மாட்டார். அந்தச் சொல்லை நீட்டிக் கீழே வழுக்கி இறங்கி, அதே மூச்சில் கடைசி எட்டு பாரின் முதல் சொல்லுக்குள் போய்விடுவார். சிறையும் அலுப்பும் அவரிடம் ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. 1946இல் கெர்னின் வாழ்க்கையைச் சொன்ன ஒரு படத்தில் அவர் வெள்ளை உடுப்பில், பளபளக்கும் மேடையில் நின்று இதைப் பாடியபோது விமர்சகர்கள் கேலி செய்தார்கள். கேலிக்கு நியாயம் உண்டு. மூச்சு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

ரோப்சனுக்கு வருவோம். ஜோ பாத்திரத்தை எழுதும்போதே அவரை மனதில் வைத்திருந்தார்கள். ஆனால் நாடகம் தள்ளிப்போனது. தொடங்கும் நேரத்தில் அவரால் வர முடியவில்லை. முதலில் ஜோவாக நடித்தவர் ஜூல்ஸ் பிளெட்சோ. ரோப்சன் 1928 மே மாதம் லண்டன் ட்ரூரி லேன் அரங்கிலும், 1932இல் பிராட்வேயிலும், 1936இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய திரைப்படத்திலும் ஜோவாக வந்தார். படத்தில் அந்தக் காட்சி தனித்து நிற்கிறது. படித்துறையில் உட்கார்ந்திருக்கும் ரோப்சனைச் சுற்றிக் கேமரா வளைந்து வந்து முகத்தில் நிலைக்கிறது. இடைப்பகுதி வந்ததும் காட்சி வெட்டுகிறது: சேற்றில், பாரத்துக்கு அடியில் வளைந்த உடல்கள், கோணல் வெளிச்சம். 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தவரின் கை அது என்று தெரிகிறது. மேஜரிலிருந்து மைனருக்கான தாவலை வேல் படச்சட்டங்களால் மொழிபெயர்த்திருக்கிறார்.

வரிகள் மாறிய கதை ரோப்சனோடு தொடங்கவில்லை. முன்பாட்டின் முதல் வரியில் கறுப்பின மக்களைக் குறிக்க 1927இல் பாடப்பட்டது இன்று அச்சில் ஏற்றக் கூசும் வசைச்சொல். அடுத்தடுத்த தயாரிப்புகளில் அது தேய்ந்து தேய்ந்து மாறியது. 1946இன் மேடை மறுவருகையில் மரியாதையான சொல் வந்தது, இன்னும் சில பதிப்புகளில் இனப்பெயரே போய் எல்லோரும் உழைக்கிறோம் என்று பொதுவாக ஆனது. 1980களின் பிற்பகுதியில் இசை நடத்துநர் ஜான் மெக்லின் 'ஷோ போட்'டின் முழு இசையையும் மூலத்தில் உள்ளபடியே பதிவு செய்ய முனைந்தபோது அந்த வசைச்சொல்லையும் மீட்டெடுத்தார். கோரஸுக்கு அமர்த்தப்பட்ட கறுப்பினப் பாடகர்கள் அதைப் பாட மறுத்து விலகினார்கள். ஜோவாகப் பாடவிருந்த வில்லர்ட் வைட்டும் விலகினார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட, கறுப்பினத்தவரான புரூஸ் ஹப்பர்ட் யோசித்துப் பார்த்துச் சம்மதித்தார். வரலாற்றை மறைக்கக் கூடாது என்ற வாதத்துக்கும், அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல மாட்டேன் என்ற மறுப்புக்கும் நடுவில் சமரசம் எளிதல்ல. மறுத்தவர்கள் பக்கம் நிற்பதே இக்கட்டுரையாளருக்குச் சரியாகப் படுகிறது. ஆவணம் காகிதத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

ரோப்சன் செய்தது வேறு வகை. 1930களின் பிற்பகுதியில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்காக மேடையேறிய காலத்தில், தம் கச்சேரிகளில் அவர் வரிகளை மாற்றத் தொடங்கினார். மூன்று இடங்கள் முக்கியம். முன்பாட்டில் ஜோ, ஆற்றைப் போலத் தானும் இருக்க விரும்புகிறான். ரோப்சன் ஒரு எதிர்மறைச் சொல்லைச் சேர்த்து அந்த விருப்பத்தைக் கவிழ்த்தார். இடைப்பகுதியில் சிறைக்குப் போகக் காரணம் குடி. ரோப்சன் பாட்டில் காரணம் நெஞ்சுரம். கடைசிப் பகுதியில் அலுப்பும் பயமும் இருந்த இடத்தில், அழாமல் சிரிப்பதும் சாகும்வரை போராடுவதும் வந்தன.

இந்த மாற்றங்களைச் சுரத்தோடு வைத்துப் பார்த்தால் அவருடைய கைத்திறன் தெரியும். எங்கும் அசைக் கணக்கு உதைக்கவில்லை. பல்லவியில் பலவீன அசையில் நீள வேண்டிய அடி, அவர் வரியிலும் பலவீன அசையிலேயே நீள்கிறது. கடைசி ஈரடியில் சாவைக் குறிக்கும் இறுதிச் சொல்லைக்கூட அவர் தொடவில்லை. மூலத்தில் சாவு பயத்துக்கு உரியது, இவரிடம் போராட்டத்தின் எல்லை. கெர்னின் ஒரு சுரத்தையும் நகர்த்தாமல் பாட்டின் அரசியல் மாறிவிட்டது. மாறியதும், இதுவரை வரிகளோடு மல்லுக்கட்டிய அந்த ஏறுமுகம் வரிகளோடு சேர்ந்துகொண்டது. தார காந்தாரம் யாருக்கு உரியது என்ற சந்தேகம் ரோப்சன் பாடும்போது எழுவதில்லை.

ஹாமர்ஸ்டைனுக்கு இது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். அவர் பக்கத்து நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜோ என்பவன் ஒரு நாடகப் பாத்திரம். 1880களின் மிசிசிப்பி மாநிலத்தில், அவனும் அவன் மனைவியும் ஒரு வெள்ளையரின் கப்பலில் வேலை பார்க்கிறவர்கள். அவன் வாயில் 1938இன் போர்க்குரலைத் திணித்தால் நாடகம் உடையும். மேலும், இந்தப் பாட்டு கதை நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது. வெள்ளைப் பாத்திரங்கள் பிரிந்து, நொடிந்து, கிழடாகி, கடைசியில் சேரும்வரை அவன் அதே இடத்தில் அதே பாட்டைப் பாடுகிறான். அவன் நிலை மாறவில்லை என்பதே நாடகம் அவனைப் பற்றிச் சொல்லும் உண்மை. முதல் வருகையிலேயே அவன் போராளியாகிவிட்டால் அந்த நாற்பது வருடத் தேக்கம் தெரியாமல் போகும்.

ஆனால் ரோப்சன் இந்த மாற்றங்களைச் செய்தது கச்சேரி மேடையில். அங்கே நின்றது ஜோ அல்ல; அடிமையாகப் பிறந்து தப்பியோடிய ஒருவரின் மகன், சட்டம் படித்தவர், 1950 முதல் 1958 வரை அமெரிக்க அரசால் கடவுச்சீட்டு முடக்கப்பட்டவர். குடித்தால் சிறை என்று அந்த மனிதர் பாடுவது பொய்யாக இருக்கும். 1936 திரைப்படத்தில் அவரே மூல வரிகளின் அலுப்பையும் பயத்தையும் பாடியிருக்கிறார் என்பதால், பாத்திரத்துக்கும் பாடகனுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியாமல் இல்லை. எதிர்ப்பு உள்ளே மறைந்திருக்கிறது என்று எழுதியவர் ஹாமர்ஸ்டைன். அதை ரோப்சன் வெளியே எடுத்து வைத்தார். அது இருந்த இடம் வரிகளைவிட மெட்டில்தான் அதிகம்.

1960 நவம்பரில் சிட்னியில், அப்போது பாதிகூடக் கட்டி முடியாத ஓபரா மாளிகையின் கட்டுமான இடத்துக்குப் போய்த் தொழிலாளர்களுக்கு ரோப்சன் இதைப் பாடிக் காட்டினார். அந்த மாளிகையில் பாடிய முதல் பெரும் பாடகர் என்று அவரைச் சொல்வது அதனால்தான். சாரத்தில் ஏறி உட்கார்ந்து கேட்ட கட்டடத் தொழிலாளர்கள் படச்சுருளில் தெரிகிறார்கள். பொதி தூக்குவதைப் பற்றிய இடைப்பகுதிக்கு அதைவிடத் தகுந்த அவை கிடைத்திருக்காது.

இந்தியாவுக்கும் இந்தப் பாட்டு வந்தது, நேரடியாக அல்ல. அசாமின் பூபேன் ஹசாரிகா 1950களை ஒட்டி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது ரோப்சனைச் சந்தித்தார். அந்தத் தாக்கத்தில் பிறந்ததுதான் 'பிஸ்தீர்ண பாரரே'. பிறகு அதை வங்காளியிலும் இந்தியிலும் அவரே பாடினார். அசாமிய வடிவத்தில் பிரம்மபுத்திரையை 'லுய்த்' என்ற உள்ளூர்ப் பெயரால், கிழவன் என்ற அடையோடு அழைக்கிறார். வங்காளியிலும் இந்தியிலும் அந்த இடத்தில் கங்கை. ஜோவின் பாட்டில் ஆற்றுக்கு எல்லாம் தெரியும், வாய் திறக்காது. ஜோ அதை ஒப்புக்கொள்கிறான், அதன் மேல் பொறாமைப்படவும் செய்கிறான். ரோப்சன் அந்தப் பொறாமையை மட்டும் எடுத்துவிட்டார். ஹசாரிகா ஆற்றையே கூண்டில் ஏற்றுகிறார். இரு கரையிலும் இத்தனை பேர் அழும்போது நீ ஏன் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பதே அவர் பல்லவி. நியூயார்க்கில் எழுதிய மிசிசிப்பிப் பாட்டில் ஆற்றை நோக்கி அப்படி ஒரு குற்றச்சாட்டு எங்குமே இல்லை. ரோப்சன் மாற்றிய வடிவத்திலும் இல்லை.